இடைவெளிக்குப் பிறகு ஸ்பிரின்ட் டிரையத்லான்: எங்கே இடிக்கிறது, எப்படிச் சரிசெய்வது

பதிவுக் கட்டணம் கட்டியாகிவிட்டது. தேதியும் நெருங்கிவிட்டது. ஆனால் இரண்டு மூன்று மாதமாக உருப்படியாக ஒரு பயிற்சியும் நடக்கவில்லை. வேலை, மழை, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை, ஏதோ ஒரு காரணம். "அண்ணா, போகலாமா, விட்டுடலாமா?" என்று கேட்கிற தம்பி தங்கைகள் சென்னையில் ஒவ்வொரு சீசனிலும் இருக்கிறார்கள். பெரும்பாலும் நான் சொல்வது, "போ, ஆனா போன வருஷம் போன மாதிரி போகாதே."

ஸ்பிரின்ட் என்றால் 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். இடைவெளி விட்டவரின் உடம்பு பழைய வேகத்தை மறப்பதில்லை. அந்த வேகத்தைத் தாங்கும் திராணிதான் குறைந்திருக்கும். அதனால் வரும் தொல்லைகளுக்கு ஒரு பொதுக்குணம் உண்டு: தொல்லை தெரியவருகிற இடம் ஒன்று, அது தொடங்கிய இடம் வேறு. ஓட்டத்தில் கால் நின்றுபோனால் சைக்கிளின் முதல் 5 கிலோமீட்டரில் என்ன செய்தீர்கள் என்று பார்க்க வேண்டும். சைக்கிளில் இதயத்துடிப்பு இறங்க மறுத்தால் நீச்சலின் முதல் 100 மீட்டரைப் பார்க்க வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு அறிகுறிக்கும் ஒரு கட்டம் பின்னால் போய்த் தேடுங்கள்.

இந்த அறிகுறிகள் இருந்தால் கிளம்பவே வேண்டாம்

நெஞ்சில் அழுத்தம், படியேறும்போது வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு, திடீரென்று இதயம் தாறுமாறாகத் துடிப்பது, மயக்கம் வந்து விழுந்தது: இவற்றில் ஒன்று சமீபத்தில் இருந்திருந்தாலும் போட்டியை மறந்துவிட்டு டாக்டரைப் பாருங்கள். டெங்கு, கொரோனா மாதிரி ஒரு காய்ச்சலால்தான் பயிற்சி நின்றது என்றாலும் அதே பேச்சுதான். காய்ச்சல் விட்டதும் உடம்பு சரியாகிவிட்டதாகத் தோன்றும். இதயத்தசை அப்போதும் முழுதாகத் தேறியிருக்காமல் போகலாம். டாக்டர் சரி என்று சொன்ன பிறகு பேசிக்கொள்வோம்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை டிரையத்லான் போட்டிகளில் நேர்ந்த மரணங்களையும், இதயம் நின்று பிழைத்தவர்களையும் சேர்த்து ஆராய்ந்தார்கள். மொத்தம் 135 பேர். அவர்களில் 90 பேருக்கு அது நேர்ந்தது நீச்சலில். மூன்றில் மிகச் சிறிய கட்டம் நீச்சல்தான், ஆனால் ஆபத்து குவிந்திருப்பதும் அங்கேதான். தண்ணீருக்குள் ஏதாவது ஆனால் ஓரமாக உட்கார முடியாது. அதனால்தான் இந்தக் கட்டுரையில் நீச்சலுக்கு அதிக இடம் தருகிறேன்.

எது போயிருக்கும், எது மிச்சம் இருக்கும்

பயிற்சியை நிறுத்தியதும் முதலில் குறைவது ரத்தத்தின் நீர்ப்பகுதி. இரண்டு வாரத்துக்குள்ளேயே அது தெரிய ஆரம்பிக்கும். ரத்தத்தின் அளவு குறைந்தால் இதயம் ஒரு துடிப்புக்கு வெளியேற்றும் ரத்தமும் குறையும், அதை ஈடுகட்டத் துடிப்பு எகிறும். நன்றாகப் பயிற்சி பெற்றவர்களை நிறுத்தச் சொல்லி 1984இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், உடம்பு அதிகபட்சம் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் 21 நாளில் 7 சதவீதம் குறைந்தது. 56 நாளில் 16 சதவீதம் குறைந்து, அங்கேயே நின்றது.

ஆக, வருடக்கணக்கில் பயிற்சி செய்தவருக்கு எல்லாமே கரைந்துவிடாது. தசைக்குள் ஓடும் நுண்குழாய்கள் அவ்வளவு சீக்கிரம் குறைவதில்லை. சைக்கிள் ஓட்டும் லாகவமும் போகாது. போவது வேறு மூன்று: ஓட்டத்தின் குலுக்கலைத் தாங்கும் கெண்டைக்காலின், குதிகால் நரம்பின் (தசையை எலும்போடு இணைக்கும் நாண்) பழக்கம், தண்ணீரைக் கையால் பிடித்துத் தள்ளும் உணர்வு, வெயிலைத் தாங்கும் பழக்கம். மூச்சு இரண்டு வாரப் பயிற்சியில் கொஞ்சம் திரும்பிவிடும், குதிகால் நரம்பு திரும்பாது. தேறிய மூச்சை நம்பி ஓடித்தான் பலர் காலைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

நீச்சல்: முதல் 100 மீட்டரிலேயே மூச்சு முட்டுகிறது

இதுதான் அடிக்கடி வருவது, இதில்தான் பயமும் அதிகம். நெஞ்சை யாரோ இறுக்கிப் பிடித்தது போல இருக்கும். தலையைத் தூக்கித் தூக்கி மூச்சை உள்ளே இழுப்பீர்கள், அது போதாது.

காரணம் பெரும்பாலும் நுரையீரலில் இல்லை. பரபரப்பில் மூச்சை உள்ளே இழுக்கிறோம், வெளியே விடுவதில்லை. முகம் தண்ணீருக்குள் இருக்கும்போதே காற்றை விட்டு முடிக்காவிட்டால், முகம் வெளியே வரும் அந்த அரை நொடியில் விடவும் இழுக்கவும் நேரம் போதாது. உள்ளே கரியமில வாயு சேரச் சேர "காற்று போதவில்லை" என்று மூளை அலறும். கூட்டத்தோடு பாய்ந்து, யாரோ முகத்தில் உதைத்து, ஒரு வாய் உப்புத் தண்ணீரும் குடித்திருந்தால் சொல்லவே வேண்டாம்.

அந்த இடத்திலேயே செய்ய வேண்டியது: ஃப்ரீஸ்டைலை நிறுத்திவிட்டு பிரஸ்ட் ஸ்டிரோக்குக்கு மாறுங்கள். மூச்சை இழுப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். முகத்தைத் தண்ணீரில் வைத்து, குமிழிகளின் சத்தம் காதில் கேட்கும்படி மெதுவாக, நீளமாக ஊதுங்கள். இப்படி ஆறேழு முறை. கடைசித் துளிக் காற்று வரை போனால் இழுப்பது தானாக நடக்கும். இறுக்கம் தளரவில்லை என்றால் பாதுகாப்புக் கயாக்கைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். படகையோ மிதவையையோ பிடித்து ஓய்வெடுப்பது விதிமீறல் ஆகாது. அதைப் பிடித்துக்கொண்டு முன்னேறினால்தான் தவறு. வெட்கப்பட ஒன்றுமில்லை. நெஞ்சுவலியோ, நிற்காத இருமலோ, நுரையான சளியோ வந்தால் கையைத் தூக்கிக் கூப்பிடுங்கள். அன்றைய போட்டி அத்தோடு முடிந்தது.

தொடங்கிய இடம் எது? பெரும்பாலும் ஸ்டார்ட் லைன். பழைய நேரத்தை நினைத்துக்கொண்டு முன்வரிசையில் நின்றிருப்பீர்கள். இடைவெளிக்குப் பிறகு போகிறவர் நிற்க வேண்டிய இடம் பின்வரிசை, அதிலும் ஓரம். விசில் ஊதியதும் 10, 15 நொடி பொறுத்துப் போங்கள். நஷ்டம் அந்த 15 நொடிதான். அதற்கு முன்னால், ஸ்டார்ட்டுக்குக் கால் மணி நேரம் இருக்கும்போதே அனுமதி இருந்தால் தண்ணீரில் இறங்கி, முகத்தை நனைத்து, நிதானமாக நாலு நிமிடம் நீந்திவிடுங்கள். வறண்ட உடம்போடு நேரே பாய்வதுதான் பாதிப் பிரச்சினை.

இன்னொன்று. நம் கடலில் வெட்சூட் (உடம்பை மிதக்க வைக்கும் ரப்பர் நீச்சலுடை) கிடையாது. உலக டிரையத்லான் விதிப்படி இந்தத் தூரத்தில் வயதுப் பிரிவு வீரர்களுக்குத் தண்ணீர் 22 டிகிரியைத் தாண்டினால் அதற்கு அனுமதி இல்லை. சென்னைக் கடல் வருடம் முழுக்க அதற்கு மேல்தான். வெளிநாட்டு வீடியோக்களில் பார்க்கும் அந்த மிதப்பை எதிர்பார்க்காதீர்கள்.

பாதியில் கை ஓய்கிறது, திசையும் தப்புகிறது

இவை சேர்ந்தே வரும். கை ஓய்ந்தால் முழங்கை தாழும், தோள் தாழும், இடுப்பு முங்கும். இடுப்பு முங்கினால் மிதவையைப் பார்க்கத் தலையை இன்னும் உயர்த்துவோம், கால் இன்னும் கீழே போகும். கண்ணை மட்டும் தண்ணீருக்கு மேலே கொண்டுவந்து, முதலை பார்ப்பது போல முன்னால் ஒரு தரம் பார்த்துவிட்டு, மூச்சைப் பக்கவாட்டில் எடுங்கள். எட்டு பத்து கைவீச்சுக்கு ஒரு முறை போதும்.

சென்னையில் காலைப் போட்டி என்றால் கடலுக்குள் போகும் திசை கிழக்கு. சூரியன் அப்போதுதான் எழுந்து, சரியாக மிதவையின் மேலேயே உட்கார்ந்திருக்கும். ஆரஞ்சு மிதவை வெறும் கறுப்புப் புள்ளியாகத்தான் தெரியும், சில சமயம் அதுவும் தெரியாது. இருண்ட கண்ணாடி வைத்த காகிள்ஸ் கட்டாயம். திரும்பி வரும்போது கரை நன்றாகத் தெரியும். ஆனால் ஃபினிஷ் வளைவு அலைக்குப் பின்னால் மறைந்து மறைந்து தெரியும். முந்தின நாளே கரையில் நின்று, அந்த வளைவுக்குப் பின்னால் உயரமாக என்ன இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர்த் தொட்டி, செல்போன் கோபுரம், அடுக்குமாடி, எதுவானாலும் சரி.

பயிற்சிக்காகக் கடலில் தனியாக இறங்காதீர்கள். மெரினாவிலும் அதன் தெற்கே உள்ள கரைகளிலும் உள்ளிழுக்கும் நீரோட்டம் எவ்வளவு பேரைக் கொண்டுபோயிருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். வேளச்சேரி போன்ற 50 மீட்டர் குளத்தில் 15 முறை போனால் 750 மீட்டர். சுவரைத் தொடும்போது நிற்காமல் அதை முடிக்க முடிகிறதா என்பதுதான் உங்களுக்கான சோதனை. வேகத்தைப் பார்க்க வேண்டாம். அதை முடிக்க முடியவில்லை என்றால், குளத்தில் நடக்கும் போட்டிக்கோ பாதித் தூரப் பிரிவுக்கோ மாற்றிக் கேளுங்கள். கடல் நீச்சலில் முடிந்தவரை பார்க்கலாம் என்ற கணக்கு கூடாது.

கெண்டைக்காலில் குரக்களி பிடித்தால்: மல்லாந்து மித‌ந்து, கால் விரல்களைக் கையால் பிடித்து முழங்காலை நோக்கி இழுங்கள். விட்ட பிறகு அந்தக் காலால் உதைக்காமல், கையை வைத்தே கரை சேருங்கள். கால் உதைத்துப் பழக்கம் விட்டவர்கள் பாதத்தை விறைப்பாக நீட்டி உதைப்பதால் வருவது இது.

எழுந்து நின்றதும் தலை சுற்றுகிறது

படுத்த நிலையில் இருந்த உடம்பு சட்டென்று நிமிர்கிறது, ரத்தம் காலுக்கு இறங்குகிறது. ரத்த அளவு குறைந்திருக்கும் உங்களுக்கு இது இன்னும் அதிகமாகத் தெரியும். கடைசி 50 மீட்டரில் காலைக் கொஞ்சம் வேகமாக உதைத்து, கை மணலைத் தொடும் வரை நீந்தி, அப்புறம் எழுந்திருங்கள். மணலில் ஓட வேண்டாம், நடங்கள்.

டிரான்சிஷனில், அதாவது ஒரு கட்டம் முடித்து அடுத்ததற்கு மாறும் இடத்தில், கை நடுங்கும், எதை முதலில் எடுப்பது என்று தெரியாது. விதியில் தவறுவதும் இங்கேதான். ஹெல்மெட்டைத் தலையில் வைத்து, கொக்கியை மாட்டி, "டிக்" சத்தம் கேட்ட பிறகுதான் சைக்கிளைத் தொட வேண்டும். முடித்து வந்ததும் சைக்கிளை ஸ்டாண்டில் மாட்டிய பிறகுதான் கொக்கியைக் கழற்ற வேண்டும். சைக்கிளில் ஏறுவதற்கென்று தரையில் போட்டிருக்கும் கோட்டைத் தாண்டும் முன் ஏறக் கூடாது. வீட்டு வாசலில் ஒரு துண்டை விரித்து, எல்லாவற்றையும் எடுக்கும் வரிசையிலேயே வைத்து, சில முறை செய்து பாருங்கள். மூச்சுவாங்கும்போது மூளையைவிடக் கைப்பழக்கம்தான் உதவும்.

சைக்கிள்: வேகம் இல்லை, ஆனால் இதயத்துடிப்பு இறங்க மறுக்கிறது

கடிகாரத்தைப் பார்த்தால் பயமாக இருக்கும். 25 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள், துடிப்பு மட்டும் பழைய 32 கிலோமீட்டர் வேகத்தில் காட்டியதைக் காட்டுகிறது. நீச்சலின் பதற்றம், டிரான்சிஷன் ஓட்டம், குறைந்திருக்கும் ரத்த அளவு, வெயில் என்று எல்லாம் சேர்ந்த கணக்கு அது.

முதல் 5 கிலோமீட்டரை உடம்பு அடங்குவதற்கென்றே ஒதுக்குங்கள். லேசான கியர், நிமிடத்துக்கு 85 முதல் 95 சுற்று, கை தளர்வாக. முந்திப் போகிறவர்கள் போகட்டும். நான்கைந்து சொற்கள் சேர்ந்தாற்போல் பேச வந்தால் வேகம் சரி. ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு தேவைப்பட்டால் இன்னும் குறையுங்கள். பவர் மீட்டரோ (மிதிக்கும் விசையை அளக்கும் கருவி) பழைய துடிப்பு எல்லைகளோ வைத்திருப்பவர்கள் அன்றைக்கு அவற்றைத் திரையிலிருந்தே எடுத்துவிடுவது நல்லது. அவை வேறொரு உடம்புக்கு அளந்தவை.

10 கிலோமீட்டர் தாண்டியும் துடிப்பு கொஞ்சம்கூட இறங்கவில்லையா? சைக்கிளில் நேரத்தைப் பிடிக்கும் ஆசையை அங்கேயே விடுங்கள். மிச்ச வேகத்தையும் இங்கே செலவழித்தால் ஓட்டத்தில் 3 கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கும். சைக்கிளில் 2 நிமிடம் விட்டுக்கொடுப்பவர் ஓட்டத்தில் அதைவிட அதிகம் மிச்சம் பிடிப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் போட்டி என்றால் காற்றையும் கணக்கில் எடுங்கள். வடகிழக்குப் பருவக்காற்று நாட்களில் மாமல்லபுரம் திசையில் போகும்போது காற்று முதுகில் தள்ளும். "அட, ஒண்ணும் குறையலையே" என்று தோன்றும். திரும்பும்போது அதே காற்று முகத்தில். போகும்போது கால் எவ்வளவு அழுத்தியது என்பதைப் பாருங்கள், வேகமானியைப் பார்க்காதீர்கள்.

தொடை எரிந்தால் கியர் கனம். இரண்டு பல் இறக்குங்கள். கை விரல் மரத்தால் கையூன்றும் இடத்தை மாற்றி மாற்றிப் பிடியுங்கள், முழங்கையை மடக்குங்கள். சீட் உயரத்தை யாரும் மாற்றாவிட்டாலும் உங்கள் முதுகு இறுகியிருக்கும். அதனால் முன்கைப்பிடியை ஒரு வளையம் உயர்த்தி வைப்பது தவறில்லை.

சைக்கிளே மக்கர் செய்கிறது

உங்களைப் போலவே அதுவும் சும்மா நின்றிருக்கிறது. அதுவும் கடலோர ஊரில், பால்கனியில். போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே இதைப் பாருங்கள். முந்தின நாள் இரவு பார்த்தால் கடை திறந்திருக்காது.

செயினிலிருந்து ஆரம்பியுங்கள். பெடலைப் பின்பக்கமாக மெதுவாகச் சுற்றிக்கொண்டே, பின்கியரின் கீழே தொங்கும் சின்னப் பற்சக்கரத்தைக் கவனியுங்கள். ஒரே ஓர் இணைப்பு மட்டும் அந்தச் சக்கரத்தைச் சுற்றி வரும்போது மடங்காமல், சின்னதாகத் துள்ளும். துரு பிடித்து இறுகிய இணைப்பு அது. சாலையில் பெடல் அழுத்தும்போது "கடக்" என்று வழுக்குவதும் அதனால்தான். அந்த ஊசியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் லேசாக வளைத்து வளைத்து விட்டால் இளகிவிடும். துருப்பிடித்த இணைப்புகள் பல இருந்தால் செயினையே மாற்றுங்கள்.

கியர் பெரிய பல்லுக்கு ஏறத் தயங்கினால், கேபிள் தளர்ந்திருக்கிறது. பின்கியருக்குள் கேபிள் நுழையும் இடத்தில் உள்ள திருகுமரையை, பின்னால் நின்று பார்க்கும்போது இடஞ்சுழியாகக் கால் சுற்று திருப்பிப் பாருங்கள். சின்னப் பல்லுக்கு இறங்கத்தான் தயங்குகிறது என்றால், திருகில் கை வைக்கும் முன் கேபிளைச் சந்தேகப்படுங்கள். உறைக்குள் துரு ஏறி, இழுத்த கேபிள் திரும்பி நழுவ மறுக்கிறது. உப்புக்காற்றில் இதுதான் வழக்கம். கேபிளும் உறையும் மாற்றப் பெரிய செலவில்லை.

டயரைக் காற்றில்லாமல் விரலால் மடக்கிப் பாருங்கள். பக்கவாட்டில் மயிரிழை போல வெடிப்பு தெரிந்தால் அது இருபது கிலோமீட்டரைத் தாங்கும் என்று நம்பாதீர்கள். டியூப்லெஸ் என்றால் உள்ளே ஊற்றிய திரவம் நம் வெயிலில் சில மாதங்களிலேயே காய்ந்திருக்கும். பிரேக் கட்டையில் பளபளப்பாக ஓடு கட்டியிருந்தால் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். மாற்று டியூப், டயர் நெம்பி, காற்றடிக்க ஏதாவது ஒன்று, மூன்றும் சைக்கிளிலேயே இருக்கட்டும்.

போட்டியில் செயின் உள்பக்கம் கழன்றால் இறங்கி விடாதீர்கள். மிதிப்பதைத் தளர்த்தி, முன்கியரைப் பெரிய வட்டத்துக்கு மாற்றிவிட்டு மெதுவாக மிதியுங்கள், பெரும்பாலும் தானே ஏறிக்கொள்ளும்.

ஓட்டம்: கால் கல்லாகக் கனக்கிறது

சைக்கிளிலிருந்து இறங்கியதும் எல்லோருக்கும் வருவது, பயிற்சியில் இருப்பவர்களுக்கும். அவர்களுக்கு அது ஓரிரு நிமிடத்தில் தெளியும். உங்களுக்கு ஒன்றரை கிலோமீட்டர் வரை நீளலாம். குனிந்த இடுப்பும் வட்டமாகச் சுழன்ற காலும் திடீரென்று நிமிர்ந்து ஓடும் அசைவுக்கு மாற வேண்டும். அந்த மாற்றம்தான் பழக்கம் விட்டுப்போயிருக்கிறது.

முதல் 500 மீட்டருக்கு அடியைச் சுருக்குங்கள். பாதம் உடம்புக்கு நேர் கீழே விழட்டும், எட்டி வைக்க வேண்டாம். கையைச் சற்று வேகமாக வீசினால் கால் அதைத் தொடரும். சைக்கிளின் கடைசி ஒரு கிலோமீட்டரில் கியரை இறக்கி, வேகமாகச் சுழற்றி, இரண்டு தரம் எழுந்து நின்று இடுப்பை நீட்டியிருந்தால் இந்தக் கனம் பாதியாகக் குறையும். மிச்சமுள்ள வாரங்களில் வாரம் ஒரு முறை 30 நிமிடம் சைக்கிள் மிதித்துவிட்டு, உடனே 10 நிமிடம் ஓடுங்கள். அதற்கு ஈடாக வேறு ஒரு பயிற்சியும் எனக்குத் தெரியாது.

இரண்டு கிலோமீட்டர் ஆகியும் தெளியவில்லை என்றால் அது கால் பழக்கக் குறை இல்லை, சைக்கிளில் அதிகமாகச் செலவழித்துவிட்டீர்கள். 4 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் வேகநடை என்று பிரித்துக்கொள்ளுங்கள். இடைவெளி இரண்டு மாதத்துக்கு மேல் என்றால் முதல் அடியிலிருந்தே இந்தக் கணக்கில் போங்கள். முடியாமல் போன பிறகு நடப்பவரின் நடை தள்ளாடும், திட்டமிட்டு நடப்பவரின் நடை அப்படி இருக்காது.

விலாவில் சுருக்கென்று பிடித்தால் வேகத்தைக் குறைத்து, வலிக்கும் இடத்தை விரலால் அழுத்தியபடி நீளமாக மூச்சு விடுங்கள். டிரான்சிஷனில் அரை பாட்டில் தண்ணீரை ஒரே மடக்கில் குடித்திருப்பீர்கள். வயிற்றில் தண்ணீர் குலுங்கினால் அடுத்த தண்ணீர் மேசையில் வாயை மட்டும் கொப்பளித்துவிட்டுப் போங்கள். இந்தத் தூரத்துக்கு ஜெல்லெல்லாம் பெரிதாகத் தேவையில்லை. இரண்டரை மணி நேரம் முன்னால் சாப்பிட்ட நாலு இட்லியும், கிளம்பும் முன் ஒரு வாழைப்பழமும் போதும். சாம்பாரைக் குறையுங்கள்.

கெண்டைக்காலோ குதிகாலோ வலிக்கிறது: ஓடலாமா?

இரண்டு காலிலும் ஒரே மாதிரி, பரவலாக, மந்தமாக வலித்தால் அது களைப்பு, மெதுவாகத் தொடரலாம். ஒரே காலில், விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரே இடத்தில், ஒவ்வோர் அடிக்கும் கூர்மையாக வலித்தால் நில்லுங்கள். வலியால் நொண்ட ஆரம்பித்தாலும் அதே முடிவு. கல்லெறிந்தது போல கெண்டைக்காலில் "பட்" என்று அடித்தால் ஓர் அடிகூட ஓடாதீர்கள், தசையோ நரம்போ கிழிந்திருக்கலாம். காலையில் வலி மாத்திரை போட்டுக்கொண்டு வருவது இந்த எச்சரிக்கையையே அணைத்துவிடும். நீர்ச்சத்து குறைந்த உடம்பில் அந்த மாத்திரை சிறுநீரகத்தையும் படுத்தும்.

வெயிலில் குளிர்கிறது, மயிர்க்கூச்செறிகிறது

எட்டு மணி வெயிலில் ஓடும்போது குளிர்வது நல்ல அறிகுறி இல்லை. தலைவலி, குமட்டல், கால் பின்னுவது இவற்றோடு சேர்ந்தால் உடனே நிழலுக்குப் போங்கள். ஏசி அறையில் மூன்று மாதம் உட்கார்ந்த உடம்பு வெயில் பழக்கத்தை இழந்திருக்கும். சென்னையின் புழுக்கத்தில் வேர்வை வழியுமே தவிரக் காயாது, காய்ந்தால்தான் உடம்பு குளிரும். போட்டிக்கு முந்தின இரண்டு வாரத்தில் பத்து நாளாவது, ஏழு மணிக்கு மேல் வெளியில் அரைமணி நேரம் லேசாக ஓடியோ வேகமாக நடந்தோ பழகினால் கணிசமான பழக்கம் திரும்பும்.

பக்கத்தில் ஓடுபவர் உளறினாலோ, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் திரும்பினாலோ, அது வெப்பத் தாக்கு. வேர்த்துக்கொண்டிருந்தாலும் அப்படித்தான். ஆம்புலன்ஸுக்கு ஆள் அனுப்பிவிட்டு, அது வரும் வரை காத்திருக்காமல் அங்கேயே குளிர்வியுங்கள். ஐஸ் தண்ணீர்த் தொட்டி இருந்தால் கழுத்து வரை இறக்குங்கள். இல்லாவிட்டால் ஐஸ் தண்ணீரில் நனைத்த துண்டுகளை உடம்பு முழுக்கப் போட்டு, சூடேறச் சூடேற மாற்றி, விசிறுங்கள். ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. உளறுபவரின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

மிச்சம் இருப்பது எத்தனை வாரம்?

நாலு வாரம் இருந்தால் வாரத்துக்கு இரண்டு நீச்சல், இரண்டு சைக்கிள், இரண்டு குட்டி ஓட்டம். ஓட்டம் 15 நிமிடத்தில் ஆரம்பித்து 30க்கு மேல் போக வேண்டாம், அதுவும் அடுத்தடுத்த நாளில் வேண்டாம். இரண்டு வாரம்தான் என்றால் ஓட்டத்தை அப்படியே சின்னதாக வைத்துக்கொண்டு, நேரத்தை நீச்சலுக்குக் கொடுங்கள். பாதுகாப்பும் அங்கேதான், சீக்கிரம் திரும்பும் பலனும் அங்கேதான். கடைசி வாரத்தில் "எனக்கு 5 கிலோமீட்டர் வருமா" என்று சோதித்துப் பார்க்கிற ஆசை வரும். அந்த வாரத்தில் செய்கிற எதுவும் போட்டிக்குள் பலமாக மாறாது, களைப்பாகவும் காயமாகவும் மட்டும் வந்து சேரும். தூங்குங்கள்.

மறுநாள்

படி இறங்கும்போது தொடை வலிப்பது இயல்பு. இரண்டாம் நாள் கூடி, நாலாம் நாளுக்குள் அடங்கும். அடங்காமல் தொடை வீங்கி இறுகிக்கொண்டே போனாலோ, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பழக்கமில்லாத தசையை ஒரேயடியாக வேலை வாங்கினால் அது சிதைந்து, அந்தச் சிதைவு சிறுநீரகத்தை அடைக்கும். நிறைய தண்ணீர் குடித்துச் சமாளிக்கிற விஷயம் இல்லை.

எல்லாம் சாதாரணமாக இருந்தால் அன்றைக்கே சைக்கிளை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டுவிடுங்கள். இரண்டாம் நாள் குளத்தில் நிதானமாக 20 நிமிடம். மூன்றாம் நாள் லேசான கியரில் சைக்கிள். ஓட்டத்தை, படி இறங்கினால் வலிக்காத நாள் வந்த பிறகு, 15 நிமிடத்திலிருந்து ஆரம்பியுங்கள்.